துலுக்காமல் நின்ற கிடா

வீடு பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "அப்படின்னா பாத்திரம் தேய்க்கறதுங்களா?" என்பதுதான். இல்லையம்மா, பாத்திரம் தேய்ப்பதில்லை. நீங்கள் ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டில் நான் குடியிருப்பேன். விளக்குப் போடுவேன், மோட்டார் போடுவேன், செடிக்குத் தண்ணீர் விடுவேன், நீங்கள் பிள்ளை மாதிரி வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஜீவன்களுக்குச் சோறு வைப்பேன். நீங்கள் திரும்பியதும் சாவியைக் கொடுத்துவிட்டு அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் என் ஒற்றை அறைக்குப் போய்விடுவேன். கணவர் இறந்து, மகளும் ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, நாமக்கல்லில் ஒரு பள்ளி விடுதியில் ஆறு வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். அந்த வேலையை விட்டதும், அங்கே படித்த ஒரு பெண்ணின் அம்மா கூப்பிட்டு, "பத்து நாளைக்கு எங்க ஊட்டுல வந்து இருக்கறீங்களாங்க, நாயத் தனியா உட்டுட்டுப் போக முடியல" என்றார். அன்றிலிருந்து இதுதான் பிழைப்பு.

நாய்கள் பரவாயில்லை. நாமக்கல்லில் முட்டை வியாபாரி ஒருவர் வீட்டு லாப்ரடார், வீட்டம்மா பார்க்கும் சீரியல் ஓடினால்தான் தட்டில் வாய் வைக்கும். நானும் இரண்டு வாரம் அந்தக் கண்றாவியைப் பார்த்துத் தொலைத்தேன். மனிதர்கள்தான் மோசம். சேலத்தில் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் வேளாங்கண்ணிக்குப் போகும்போது பதினான்கு வயதுப் பொமரேனியனை என்னிடம் விட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. போன் போட்டேன். "நாங்க வர்ற வரைக்கும் ஃப்ரிட்ஜுல வைங்க, பிள்ளைங்க கடைசியா ஒரு தடவ பாக்கணும்" என்றார் வீட்டுக்காரர். தயிரும் தோசை மாவும் இருக்கிற ஃப்ரிட்ஜில்! வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுக் கொய்யா மரத்தடியில் நானே குழி வெட்டினேன். அவர்கள் இன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும்.

அந்த நாயைப் புதைத்த அன்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். தீனி வை, சாணியை அள்ளு, பாசம் வைக்காதே. அது அவர்கள் ஜீவன், அவர்கள் பாடு. ஜலகண்டாபுரத்து வீட்டுக்குப் போகும்வரை இந்த விதியை நான் மீறியதில்லை.

அது தறிக்காரக் குடும்பம். விசைத்தறிகளை விற்றுவிட்டு இப்போது நூல் வியாபாரம் செய்கிறார்கள். மாமனார், மாமியார், மகன், மருமகள் என நான்கு பேர். மருமகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். மூன்று முறை உண்டாகி மூன்றும் கலைந்துவிட்டன. நான்காவது ஐந்து மாதம்வரை தங்கியது, ஆனால் அதுவும் ஆட்டம் காட்டியதால், கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கச் சொல்லிவிட்டார் டாக்டர். குடும்பமே மூட்டை கட்டியது. வீட்டில் மிஞ்சியது ஒரு கிடா.

"நாய் பூனைன்னா உங்களக் கூப்பிட்டிருக்க மாட்டமுங்க அம்மணி, பக்கத்து ஊட்டுல உட்டுட்டுப் போயிருவோம். இது முனியப்பனுக்கு நேந்து உட்டதுங்க" என்றார் மாமியார். "இந்தக் கொழந்த நல்லபடியாப் பொறந்து நின்னுச்சுன்னா இதக் குடுக்கறம்னு வேண்டியிருக்கறோம். உசுருக்கு உசுரு. அதனால ஒரு கொறையும் வரப்படாது. கண்ட எடத்துல மேய உடாதீங்க. மரவள்ளித் தழ மட்டும் காட்டிராதீங்க, வெசம். அப்பறம், பேரு வெச்சுக் கூப்புடாதீங்க. நேந்து உட்டதுக்குப் பேரு வெக்கறதில்ல."

எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி எடுக்கிறவள் நான். எங்கள் ஆட்களும் அந்தோணியாருக்கு ஆடு நேர்ந்து, சமைத்து, ஊருக்கே சோறு போடுகிறவர்கள்தான். ஊரில் யார் எந்தச் சாமிக்கு எதை வெட்டினால் எனக்கென்ன என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

கிடா செம்மி, செம்பழுப்பு நிறம். முன்னங்கால் இரண்டும் முழங்கால்வரை வெள்ளை. பத்து மாதம் இருக்கும். கிடாவுக்கே உரிய முடை நாற்றம் வீடு முழுக்க. முதல் நாளே என் பையின் வாரைத் தின்றது. இரண்டாம் நாள் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்த மாதத்தைக் கிழித்துத் தின்றது. காலையில் நான் டீ குடிக்கும்போது எதிரே நின்று முறைக்கும், மிச்சம் வைத்துக் கொடுத்தால்தான் நகரும். "ஏண்டா, உங்கப்பன் ஊட்டு டீத்தூளா?" என்று கத்துவேன். என் வாழ்க்கையில் எதிர்த்துப் பேசாத ஒரே ஆண்பிள்ளை அதுதான். ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் கிழங்குத் திப்பி, அகத்திக் கொத்து, கடலைப் புண்ணாக்கு என்று அதற்குத் தினமும் விருந்து. எனக்கு ரசஞ்சோறு.

தெருக்கோடி வீடு அது. பேச ஆள் கிடையாது. முதல் மாதத்தில் ஒரு வாரம் விடாத மழை. கொட்டகையில் ஒழுகியதால் கிடாவை உள்ளே கூடத்தில் கட்டினேன். ஏழு நாள் நானும் அதுவும் ஒரே கூரையின் கீழே. நான் என் கணவரைப் பற்றி, மகளைப் பற்றி, விடுதியில் என்னைப் படுத்தியெடுத்த நிர்வாகியைப் பற்றி எல்லாம் அதனிடம் சொன்னேன். அது அசை போட்டுக்கொண்டே கேட்டது. மழை விட்டதும் கொட்டகையில் கட்டினால் கத்து கத்தென்று கத்தியது. போய் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். விதி போயே போச்சு. பேர் வைக்கக் கூடாது என்றார்கள், ஆகவே "சாமி" என்று கூப்பிட்டேன். இந்தப் பக்கத்தில் பெரியவரும் சாமி, கைக்குழந்தையும் சாமி, அது பேராகாது என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

மருமகள் தினமும் மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவாள். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பாள். எழுந்திருக்கவே கூடாது அவள். "அக்கா, அவனக் காட்டுங்கக்கா" என்பாள். போனை அதன் மூஞ்சிக்கு நேராகப் பிடிப்பேன். அது போனை நக்கும். அவள் சிரிப்பாள். குட்டியாக வந்ததிலிருந்து அவள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். ஒருநாள் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள் குரலைத் தணித்தாள்.

"அக்கா, தண்ணி ஊத்தி அது துலுக்கலீன்னா உட்டுருவாங்க இல்ல?"

"அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

"அத்த கிட்டச் சொல்லீராதீங்க. சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

துலுக்கு என்றால், வெட்டுவதற்கு முன் கிடாவிடம் உத்தரவு கேட்பது. மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்டக் கூடாது. நாமக்கல்லில் நான் விடுதியில் இருந்தபோது பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் முதலாளி புது லாரிக்காக நேர்ந்த கிடா ஒன்று, எத்தனை சொம்பு ஊற்றியும் துலுக்காமல் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இவனுக்கு ஆயுசு கெட்டிடா" என்று கழுத்தில் மணியைக் கட்டி அவிழ்த்து விட்டார்கள். அது கடைகடையாக வாழைப்பழம் தின்றுகொண்டு ரொம்ப நாள் சுற்றியது, ஒருவரும் அதைத் தொடவில்லை. எனக்கு அந்தக் கிடா ஞாபகம் வந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை அங்கே ஆரம்பித்தது.

அன்று சாயங்காலமே ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் கரைத்தேன். முதுகில் ஊற்றினேன். அது உதறிய உதறலில் என் சேலை முழுக்க மஞ்சள். மறுநாள் ஊற்றும்போது முதுகெலும்பின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். தோல் மட்டும் துடித்தது, உதறவில்லை. உடனே ஒரு துண்டு புண்ணாக்கு. அடுத்த நாள் கையை லேசாக வைத்தேன். ஒரு வாரத்தில் கை தேவையில்லை, "நில்லு சாமி" என்ற சொல் போதும். மூன்று வாரத்தில் சொல்லும் தேவையில்லை. கோயிலில் பம்பை அடிப்பார்களே, மிரண்டு உதறிவிடுமே என்று போனில் பம்பைச் சத்தத்தை உரக்க வைத்துக்கொண்டு ஊற்றிப் பழக்கினேன். குளிர்ந்த தண்ணீர், இரண்டு சொம்பு, மூன்று சொம்பு, எல்லாவற்றுக்கும் நின்றது. காதுக்குள் தண்ணீர் போனால் மட்டும் அதனால் முடியவில்லை. அது எந்த ஆட்டாலும் முடியாது. ஆனால் காதில் ஊற்றித் துலுக்க வைப்பது களவு, அப்படி வாங்கிய உத்தரவு செல்லாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், பூசாரி அதைச் செய்ய மாட்டார். ஆகவே அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மருமகளிடமும் மூச்சு விடவில்லை. கோயிலில் கிடா நிற்கும், அவள் முகத்தில் ஆச்சரியத்தைப் பார்க்கலாம் என்று இருந்தேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஒரு கிலோ இருநூறு கிராம். நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த நாற்பது நாளும் மருமகள் கிடாவைக் காட்டச் சொல்லவில்லை. மாமியார்தான் கூப்பிடுவார், "கெடா நல்லாத் தீனி எடுக்குதுங்களா?" என்று மட்டும் கேட்பார். கிடா ஒரு நாள் தின்னாவிட்டால் குழந்தைக்கு என்னவோ என்று அந்தம்மா அங்கே பயந்துகொண்டிருக்கிறார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. தெரிந்துமா சொம்பை எடுத்தாய் என்று கேட்டால், ஆமாம், எடுத்தேன். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் போனை வைத்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மஞ்சளைக் கரைத்தேன். அவர்கள் பயத்தை நான் வெறும் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும் சமயத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். குழந்தை என் முழங்கை நீளம்தான் இருந்தது, அழுதால் பூனைக்குட்டி சத்தம். ஆனால் பிழைத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே முனியப்பனுக்குப் பொங்கல் என்று முடிவாயிற்று. "உங்க கைக்குத்தான் கெடா கட்டுப்படுது, அது வரைக்கும் இருந்து குடுத்துட்டுப் போங்க அம்மணி" என்றார் மாமியார். இருந்தேன். மருமகள் அந்த வாரம் முழுக்கக் கொட்டகைப் பக்கமே வரவில்லை. ஒருமுறை கிடா அவள் குரலைக் கேட்டுக் கத்தியது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோயில் ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள், எல்லாம் பங்காளிகளும் சம்பந்திகளும். பொங்கல் பொங்கியது. கிடாவுக்கு அரளி மாலை போட்டு, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, சாமிக்கு எதிரே நிறுத்தினார்கள். கயிறு என் கையில். பம்பை அடித்தார்கள். பூசாரி சொம்பை எடுத்து, "உத்தரவு குடு சாமி" என்று கழுத்திலிருந்து வால்வரை ஊற்றினார்.

கிடா நின்றது.

எழுதவே கூசுகிறது, ஆனால் அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. கணக்கு வாத்தியார் தன் மாணவன் பலகையில் சரியாகப் போடுவதைப் பார்ப்பாரே, அப்படி. இரண்டாவது சொம்பு. நின்றது. மூன்றாவது. நின்றது. இனி யாராவது சிரிப்பார்கள், ஆயுசு கெட்டி என்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பம்பைக்காரர் தானாக அடிப்பதை நிறுத்தினார். பொங்கல் பானைப் பக்கம் பேசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மாமனார் வேட்டி ஈர மண்ணில் படியக் கீழே விழுந்தார். "என்ன கொற வெச்சோம் சாமி, சொல்லு சாமி" என்று குழந்தை மாதிரி அழுதார். மகன் வந்து ஒரு சொம்பு ஊற்றினான். நின்றது. பங்காளி வீட்டுப் பெரியம்மா ஒருவர், "பொம்பளைங்க சுத்தபத்தமா வந்தாங்களான்னு கேளுங்க மொதல்ல" என்றார். உடனே எல்லாக் கண்ணும் மருமகள்மேல். மாமியார் அத்தனை பேர் முன்னால் கேட்டார், "ஏம்புள்ள, சுத்தமாத்தான வந்த?"

"தீட்டுக் கழிஞ்சு எத்தன நாளாச்சுங்கத்த. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் வந்தேன்" என்றாள் அவள்.

"அப்பறம் ஏன் நிக்குது?"

பதில் தெரிந்த நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த வயதான பங்காளி ஒருவர் வாயைத் திறந்தார். கெட்ட மனுஷர் இல்லை, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "உசுருக்கு உசுருன்னு வேண்டியிருக்கறீங்க. முனியப்பன் கெடாய வேண்டாங்கறான்னா, அவன் இன்னும் கொழந்தையத்தான் கேக்கறான்னு அர்த்தம்."

லாரிக்கு நேர்ந்த கிடா நின்றால் அது வேடிக்கை. குழந்தைக்கு நேர்ந்த கிடா நின்றால் அது தீர்ப்பு. ஐம்பத்து நான்கு வயதில் இது என் புத்திக்கு எட்டவில்லை. எட்டியபோது அந்தப் பெண் தன் கையில் துண்டில் சுற்றியிருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளிறிப்போவதை நான் கண்ணால் பார்த்தேன். குழந்தையைப் புருஷனிடம் கொடுத்தாள். நேராக வந்து கிடாவின் காலடியில் விழுந்து இரண்டு கையாலும் அதன் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

"துலுக்கு சாமி. என்னப் பெத்த சாமி, ஒரே ஒருக்கா துலுக்கிரு. என் கையால பால் குடுத்தனே சாமி, உன்னக் கும்புடறேன், துலுக்கிரு. எம்புள்ளைய உட்டுரு."

கிடா அவள் தலைமயிரை முகர்ந்து பார்த்தது. அவளை அடையாளம் தெரிந்து கத்தியது. ஆனால் உதறவில்லை. மகன் இன்னொரு சொம்பை ஊற்றினான், அவள்மேலும் சேர்ந்து வழிந்தது. அது உதறாமல் நின்று என் கையைத்தான் பார்த்தது.

"நாந்தாங்க இதப் பழக்குனேன்." மூன்றே சொல். அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்னை அடித்திருக்கலாம், தலைமயிரைப் பிடித்து ஓடையில் தள்ளியிருக்கலாம், வேற்று மதக்காரி சாமி காரியத்தில் கை வைத்தாள் என்று ஊரே கூடியிருக்கலாம். இதையெல்லாம் அந்த இடத்தில் நின்று யோசித்தேன். அந்தப் பெண் மண்ணில் கிடந்து கெஞ்சிக்கொண்டிருக்கும்போது நான் என் தோலைப் பற்றி யோசித்தேன். பயம்தான், அதற்கு வேறு பேர் தேடவேண்டியதில்லை.

வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "இத்தன மாசம் நாந்தான தண்ணி காட்டுனேன், என் கையால ஒருக்கா ஊத்திப் பாக்கறனுங்க" என்றேன். பூசாரி சொம்பைக் கொடுத்தார். கிடாவின் தலைப்பக்கம் போனேன். மற்றவர்களுக்கு என் முதுகு தெரியும்படி நின்றுகொண்டேன். இடது கையால் அதன் தாடையைப் பிடித்தேன், அது தலையை என் உள்ளங்கையில் சாய்த்தது. காதை விரித்து உள்ளே ஊற்றினேன்.

தலையிலிருந்து வால்வரை உதறியது. தண்ணீர் எல்லோர்மேலும் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள், பம்பை மறுபடி எழுந்தது, மாமனார் கையைத் தலைக்குமேல் கூப்பினார். மருமகளை இரண்டு பேர் தூக்கி அந்தப்பக்கம் கொண்டு போனார்கள். கயிறு என் கையிலிருந்து போனது. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அந்த அளவுக்காவது பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தோன்றியது, பார்த்தேன். ஒரே வெட்டு.

பந்தியில் மாமியார் என் இலைக்கு எதிரே வந்து நின்று, தன் கையால் ஈரல் வைத்தார். "உங்க கை ராசி அம்மணி. நீங்க மட்டும் இல்லீன்னா இன்னிக்கு எங்க குடும்பம் என்னாயிருக்கும்!" அந்தம்மாவின் கண்ணில் நீர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைக் கேட்டிருக்கிறேன், ஓநாய்க்கு இலை போட்டு உபசரித்த கதையை அன்றுதான் பார்த்தேன். அவர் நகர்வதாக இல்லை. தின்றேன்.

சேலத்துக்கு வந்து அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒரு கிடாவைப் பழக்கினேன், பிறகு நானே காட்டிக்கொடுத்தேன் என்றேன். பங்குத்தந்தைக்கு முழுசாகப் புரிந்ததா தெரியவில்லை. ஆட்டுக்காக மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று மூன்று மந்திரம் சொல்லச் சொன்னார். ஆடு மட்டுமில்லை சாமி, ஒரு தாய் என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கேயும் என் வாய் அவ்வளவுதான் திறந்தது.

குழந்தைக்குச் சளி பிடித்தால் மருமகளிடமிருந்து போன் வரும். காய்ச்சல் வந்தால் வரும். தடுப்பூசி போட்ட இடம் வீங்கினால் வரும். முதலில் குழந்தையைப் பற்றிப் பேசுவாள். பிறகு, "அக்கா, அன்னிக்கு அது ஏன்க்கா அவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்பாள். "ஆடு தான கண்ணு, அதுக்கென்ன தெரியும்" என்பேன். "இல்லக்கா. மொதல்ல வேண்டான்னுதான சொல்லுச்சு. உங்க கைக்காகத்தான் துலுக்குச்சு. மனசாரக் குடுக்கலியோ என்னமோ." குழந்தையை அவள் கீழே விடுவதே இல்லை என்று மாமியார் சொன்னார். தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாளாம். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தூக்கிப் போக விடுவதில்லையாம். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். சொன்னால் அவளுக்குப் பயம் தீரும். ஆனால் காதில் ஊற்றியதையும் சேர்த்துச் சொல்லவேண்டுமே. கள்ளத் துலுக்கு என்று தெரிந்தால், கொடுத்தது கொடுத்ததாகவே ஆகாது. அப்போது அவளுக்கு இருக்கும் பயம் இன்னும் பெரியது. இப்படி ஒரு முடிச்சைப் போட்டவள் நான்தான், அவிழ்க்கத் தெரியாதவளும் நான்தான்.

குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்கு முன்னால் வலிப்பு வந்தது. காய்ச்சல் ஏறினால் சின்னக் குழந்தைகளுக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும் அவர்கள் நேராகக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். போன வாரம் மாமியார் கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, மறுபடி ஒண்ணு நேந்திருக்கறமுங்க. இந்தத் தடவ சந்தேகமில்லாமக் குடுத்தறணும். புள்ளையக் காட்ட மாசம் ஒருக்காக் கோயம்புத்தூருக்குப் போக வேண்டியிருக்குது, ஊட்டுல ஆளில்ல. கெடாய உங்க கையிலதான் குடுக்கணும்னு மருமவ ஒத்தக் கால்ல நிக்கறா."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "வாரனுங்க" என்றேன்.

நேற்றுத்தான் வந்து சேர்ந்தேன். கறுப்புக் குட்டி. நான்கு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் கால் சரியாக நிலைக்காமல் துள்ளுகிறது. கொட்டகையில் கட்டியிருந்தது. மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. இளைத்துப் போயிருக்கிறாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"அக்கா, இதுவும் நின்னுருமாக்கா?" என்று கேட்டாள்.

"நிக்காது கண்ணு" என்றேன்.